உங்களுக்குத் தெரியுமா? குழாய்க்குள் குறையும் தட்டணுக்கள்

மேட்டூர் வட்டாரத்தில் டெங்குக் காய்ச்சல் தலைகாட்டும் மழைக்காலங்களில், ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சாதாரணமாக 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்க வேண்டிய தட்டணுக்கள் 20,000 தான் என்று யந்திரம் அச்சிட்டுத் தரும் காகிதத்தைக் கண்டு குடும்பமே கலங்குவதுண்டு. டெங்குவில் அது பெரும்பாலும் மெய்யான குறைவே. ஆயினும் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒருவருக்கு, ரத்தம் உறையாதிருக்கும் பொருட்டு ஊதா மூடிக் குழாயில் இட்டிருக்கும் இ.டி.டி.ஏ. என்னும் ரசாயனத்தின் முன்னிலையில், தேகத்தில் யாதொரு குறையுமின்றிச் சஞ்சரித்த தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, அத்திரள்களை இன்னவையென்று அறியாத யந்திரம் அவற்றை எண்ணாமலே விட்டுவிடுகிறது. 1969ஆம் ஆண்டிலேயே மருத்துவ ஏட்டில் விவரிக்கப்பட்ட விஷயம் இது.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் மேற்கு வங்காளத்து ரத்த தானக்காரர் பலரிடம் கண்டதோ குழாயில் நேரும் இப்போலிக் குறைவன்று, மெய்யான குறைவே; அவர்களுக்குத் தட்டணுக்கள் பிறவியிலேயே பருத்தும் எண்ணிக்கையில் குறைந்தும் இருந்தன, நோயேதும் இல்லை.

ரத்தக்கசிவின் அறிகுறி எதுவுமில்லாத ஒருவருக்கு எண்ணிக்கை திடீரென வீழ்ந்ததாகத் தோன்றினால், தட்டணு ஏற்றும் சிகிச்சையை யோசிப்பதற்கு முன்னர், கண்ணாடித் தகட்டில் ஒரு துளி ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்ப்பது பரிசோதகரின் தவிர்க்கலாகாத கடமை என்பேன். திரள்கள் தென்பட்டால், இ.டி.டி.ஏ.வுக்குப் பதிலாகச் சிட்ரேட் இட்ட குழாயில் மீண்டும் ரத்தம் எடுத்து, அதிலுள்ள திரவம் ரத்தத்தைச் சற்றே நீர்த்துப்போகச் செய்வதால், வரும் எண்ணிக்கையை 1.1 ஆல் பெருக்கிக்கொள்வார்கள்.