சூப்பர்சார்ஜர் கொண்ட மசில் கார்களின் முடுக்கத்தைக் கூட்டுதல்

மசில் கார் என்பது பெரிய வி8 எஞ்சினும் பின்சக்கர இயக்கமும் கொண்ட அமெரிக்க இரண்டு கதவு கார் வகையாகும். 1964 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த பாண்டியாக் ஜிடிஓ இவ்வகையின் தொடக்கமாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. வளைவுகளில் லாவகமாகத் திரும்புவதை விட, நின்ற இடத்திலிருந்து நேர்கோட்டில் விரைந்து வேகம் பிடிப்பதே இக்கார்களின் அடையாளம். இவற்றுள் சில தொழிற்சாலையிலிருந்தே சூப்பர்சார்ஜருடன் வெளிவருகின்றன. அவற்றையும் மேலும் விரைவாக்கும் நோக்கில் உரிமையாளர்கள் கப்பி, டயர், கியர், எரிபொருள் அமைப்பு, கணினி நிரல் ஆகியவற்றை மாற்றுகின்றனர்.

எஞ்சின் திறனைக் கூட்டினால் முடுக்கமும் அதே அளவில் கூடும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. நடைமுறையில் அவ்வாறு நிகழ்வதில்லை. எஞ்சினில் பிறக்கும் விசை கியர், அச்சு, டயர் ஆகியவற்றைக் கடந்து சாலையை அடைகிறது. இந்தச் சங்கிலியில் மிகவும் வலுக்குறைந்த கண்ணியே முடுக்கத்தின் எல்லையைத் தீர்மானிக்கிறது. டாட்ஜ் நிறுவனத்தின் சேலஞ்சர் ஹெல்கேட், அதிலிருந்து உருவான சேலஞ்சர் டீமன் ஆகிய இரு கார்களையும் ஒப்பிட்டால் இது தெளிவாகும்.

முடுக்கத்தை அளவிடும் முறை

அமெரிக்காவில் முடுக்கம் இரண்டு வகைகளில் குறிக்கப்படுகிறது. ஒன்று, நின்ற நிலையிலிருந்து மணிக்கு 60 மைல் (சுமார் 97 கிலோமீட்டர்) வேகத்தை எட்ட ஆகும் நேரம். மற்றொன்று, டிராக் பந்தயத் தடத்தில் கால் மைல் (402 மீட்டர்) தொலைவைக் கடக்க ஆகும் நேரம். கால் மைல் ஓட்டத்தில் கடந்த நேரத்துடன், எல்லைக்கோட்டைத் தாண்டும்போது இருந்த இறுதி வேகமும் பதிவாகிறது.

இந்த இரு எண்களும் வெவ்வேறு செய்திகளைச் சொல்கின்றன. இறுதி வேகம் பெரும்பாலும் காரின் திறனையும் எடையையும் பொறுத்தது. கடந்த நேரமோ புறப்பாடு எவ்வளவு நன்றாக அமைந்தது என்பதையும் பொறுத்தது. இறுதி வேகம் அதிகமாகவும் கடந்த நேரம் நீண்டதாகவும் இருந்தால், திறன் போதுமான அளவு உள்ளது, புறப்படும்போது அது வீணாகிறது என்று பொருள்.

2015 ஆம் ஆண்டு மாதிரி ஹெல்கேட் சாதாரணச் சாலை டயர்களுடன் கால் மைலை 11.2 வினாடியில், மணிக்கு 125 மைல் இறுதி வேகத்தில் கடந்தது. டிராக் பந்தய டயர்கள் மாட்டியபோது நேரம் 10.8 வினாடியாகக் குறைந்தது. இறுதி வேகம் 126 மைல் மட்டுமே. எஞ்சின் திறனைச் சிறிதும் கூட்டாமலேயே 0.4 வினாடி மிச்சமானது. மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் 0.4 வினாடி என்பது 22 மீட்டர் தொலைவு, அதாவது நான்கு கார்களின் நீளத்துக்கு மேல்.

சூப்பர்சார்ஜர் இயங்கும் விதம்

எஞ்சினுக்குள் எவ்வளவு காற்று செல்கிறதோ அதற்கேற்ற அளவு எரிபொருளையே எரிக்க முடியும். சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி, இயல்பை விட அதிகமாக உள்ளே தள்ளுகிறது. டர்போசார்ஜர் புகைபோக்கி வழியே வெளியேறும் வாயுவால் சுழல்கிறது. சூப்பர்சார்ஜர் எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து பெல்ட் மூலம் சுழல்கிறது. ஆகவே ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் காலதாமதமின்றி அழுத்தம் கிடைக்கிறது.

ஹெல்கேட்டின் 6.2 லிட்டர் எஞ்சின் மீது 2.4 லிட்டர் இரட்டைத் திருகு வகை சூப்பர்சார்ஜர் அமர்ந்துள்ளது. இது வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் 11.6 பிஎஸ்ஐ வரை அழுத்தம் தருகிறது. கிராங்க் தண்டு ஒருமுறை சுழலும்போது சூப்பர்சார்ஜர் 2.36 முறை சுழல்கிறது. எஞ்சினின் திறன் 707 குதிரைத்திறன், முறுக்கு விசை 881 நியூட்டன் மீட்டர். முழு வேகத்தில் சூப்பர்சார்ஜரைச் சுழற்றுவதற்கே சுமார் 80 குதிரைத்திறன் செலவாகிறது.

டயரின் பிடிப்பு

ஹெல்கேட்டின் எட்டு கியர் தானியங்கி வகையில் முதல் கியரின் விகிதம் 4.71, பின் அச்சின் விகிதம் 2.62. எஞ்சினின் முறுக்கு விசையை இவ்விரண்டாலும் பெருக்கி, டயரின் ஆரமான 0.36 மீட்டரால் வகுத்தால், சக்கரத்தின் விளிம்பில் சுமார் 30,000 நியூட்டன் விசை கிடைக்கும். பற்சக்கரங்களில் இழக்கப்படும் பங்கைக் கழித்தாலும் 25,000 நியூட்டன் எஞ்சும்.

காரின் எடை சுமார் 2,000 கிலோ. புறப்படும்போது எடை பின்னோக்கிச் சாய்வதால், அதில் ஏறக்குறைய 60 விழுக்காடு பின்சக்கரங்கள் மீது இறங்குவதாகக் கொள்ளலாம். உராய்வுக் கெழு 1 எனில், டயர்கள் வழுக்காமல் தாங்கக்கூடிய விசை சுமார் 11,800 நியூட்டன் மட்டுமே. அதாவது தொழிற்சாலையிலிருந்து வரும் நிலையிலேயே, டயர் தாங்குவதைப் போல் இருமடங்குக்கும் மேலான விசை முதல் கியரில் கிடைக்கிறது. இந்நிலையில் மேலும் 100 குதிரைத்திறன் சேர்த்தால் புறப்பாட்டில் புகையும் ஓசையும் கூடுமே தவிர முடுக்கம் கூடாது.

இதனால் முதல் மாற்றம் டயராக இருப்பதே பொருத்தம். டிராக் ரேடியல் எனப்படும் டயர்களின் இரப்பர் மென்மையானது, பக்கச்சுவர் வளைந்து கொடுக்கக்கூடியது. ஆகையால் சாலையில் படியும் பரப்பு கூடுகிறது. இவை விரைவில் தேயும். ஈரச் சாலையில் பிடிப்பு குறைவு. பந்தயத்துக்கு முன் பின்சக்கரங்களை நீரில் நனைத்து, நின்ற இடத்திலேயே சுழற்றிச் சூடேற்றுவது வழக்கம். சூடான இரப்பர் தடத்தில் நன்கு ஒட்டிக்கொள்ளும்.

கப்பி மாற்றமும் வெப்பமும்

திறனைக் கூட்டும் எளிய வழி, சூப்பர்சார்ஜரின் கப்பியைச் சிறிதாக்குவது அல்லது கிராங்க் தண்டின் கப்பியைப் பெரிதாக்குவது. இரண்டினாலும் சூப்பர்சார்ஜர் முன்பை விட வேகமாகச் சுழன்று அழுத்தம் உயர்கிறது. ஆனால் ஹெல்கேட்டின் சூப்பர்சார்ஜர் ஏற்கெனவே நிமிடத்துக்கு 14,600 சுற்று வரை சுழல்கிறது. அதற்கு மேல் சுழற்றினால் தாங்கிகளின் ஆயுள் குறையும், பெல்ட் வழுக்கும், அதைச் சுழற்றச் செலவாகும் திறனும் கூடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் வெப்பம். சைக்கிள் பம்பின் அடிப்பகுதி காற்றடிக்கும்போது சூடாவதைப் போலவே, அழுத்தப்படும் காற்றும் சூடாகிறது. 30 பாகை செல்சியசில் உள்ள காற்றை 1.8 மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால் அதன் வெப்பநிலை 100 பாகையைத் தாண்டக்கூடும். சூடான காற்றின் அடர்த்தி குறைவு என்பதால் அழுத்தத்தால் கிடைத்த பயனில் ஒரு பகுதி வீணாகிறது. ஆகவே சூப்பர்சார்ஜரை விட்டு வெளிவரும் காற்றை நீரால் குளிர்விக்கும் இண்டர்கூலர் இன்றியமையாதது. கப்பியை மாற்றுவோர் பெரிய வெப்பமாற்றி, கூடுதல் நீர்த்தொட்டி, வலுவான நீர்ப்பம்பு ஆகியவற்றையும் சேர்ப்பது இதனால்தான்.

எரிபொருளும் கணினி நிரலும்

சூடான, அழுத்தம் மிகுந்த காற்றும் பெட்ரோலும் கலந்த கலவை, தீப்பொறியால் தொடங்கிய சுவாலை வந்து சேருமுன் தானாகவே வெடித்து எரியக்கூடும். இது நாக்கிங் எனப்படுகிறது. சில வினாடிகள் நீடித்தாலே பிஸ்டன் உடையவோ உருகவோ வாய்ப்புண்டு. இதைத் தாங்கும் ஆற்றலையே எரிபொருளின் ஆக்டேன் எண் காட்டுகிறது. அமெரிக்க நிலையங்களில் குறிக்கப்படும் 91 என்ற எண், இந்தியாவிலும் இலங்கையிலும் வழங்கும் அளவுமுறையில் சுமார் 95 அல்லது 96 ஆகும்.

பெரும்பகுதி எத்தனால் கலந்த இ85 எரிபொருள் நாக்கிங்கை நன்கு தாங்குகிறது. ஆவியாகும்போது காற்றிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக் குளிர்விக்கவும் செய்கிறது. ஆனால் அதே அளவு காற்றுக்குப் பெட்ரோலை விட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எரிபொருள் தேவை. பெரிய இன்ஜெக்டர்களும் பம்பும் இன்றி இதைப் பயன்படுத்தினால் எரிபொருள் பற்றாக்குறை ஏற்பட்டு எஞ்சின் பழுதாகும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஏற்ப எரிபொருள் அளவையும் தீப்பொறியின் நேரத்தையும் எஞ்சின் கணினியில் திருத்த வேண்டும். திருத்தியபின் டைனமோமீட்டரில் ஓட்டிச் சரிபார்ப்பது முறை.

டீமன்: எல்லாக் கண்ணிகளும் சேர்ந்த மாற்றம்

2018 ஆம் ஆண்டு மாதிரியாக வந்த டீமனில் டாட்ஜ் நிறுவனம் ஹெல்கேட்டின் ஒவ்வொரு கண்ணியையும் திருத்தியது.

காற்று: சூப்பர்சார்ஜர் 2.7 லிட்டராகப் பெரிதாக்கப்பட்டு அழுத்தம் 14.5 பிஎஸ்ஐ ஆனது. சாதாரண 91 ஆக்டேன் எரிபொருளில் 808, 100 ஆக்டேன் பந்தய எரிபொருளில் 840 குதிரைத்திறன் கிடைத்தது.

குளிர்ச்சி: காரின் ஏசி குளிர்பொருளையே திருப்பிவிட்டு இண்டர்கூலர் நீரைக் குளிர்விக்கும் அமைப்பு சேர்க்கப்பட்டது.

பிடிப்பு: நான்கு சக்கரங்களுக்கும் 315 மில்லிமீட்டர் அகல டிராக் ரேடியல் டயர்கள் பொருத்தப்பட்டன. முன்பகுதி எளிதில் உயர்ந்து எடை பின்னே செல்லுமாறு சஸ்பென்ஷன் அமைக்கப்பட்டது.

கியர்: பின் அச்சு விகிதம் 2.62 இலிருந்து 3.09 ஆனது. இதனால் மட்டுமே சக்கரத்தை அடையும் முறுக்கு விசை 18 விழுக்காடு உயர்ந்தது. புறப்படுமுன் கியர்பெட்டியைப் பூட்டிவைத்து, எஞ்சினை உயர் சுழற்சியில் நிறுத்தும் டிரான்ஸ்பிரேக் வசதியும் வந்தது.

எடை: முன் பயணி இருக்கை, பின் இருக்கை முதலியவை நீக்கப்பட்டு சுமார் 100 கிலோ குறைந்தது. வேண்டுவோர் அவ்விருக்கைகளை ஒரு டாலர் விலையில் பெறலாம் என அறிவிக்கப்பட்டது.

இவற்றின் கூட்டு விளைவாக டீமன் கால் மைலை 9.65 வினாடியில், மணிக்கு 140 மைல் இறுதி வேகத்தில் கடந்தது. புறப்படும்போது முன்சக்கரங்கள் தரையை விட்டு எழுந்தன. 2023 இல் வெளிவந்த டீமன் 170, இ85 எரிபொருளில் 1,025 குதிரைத்திறனுடன் அதே தொலைவை 8.91 வினாடியில் கடந்தது.

பாதுகாப்பும் சட்டமும்

டயரின் பிடிப்பு கூடியதும், முன்பு வழுக்கலாக வீணான அதிர்ச்சி அச்சுத்தண்டுகளுக்கும் கியர்களுக்கும் செல்கிறது. மாற்றம் செய்யப்பட்ட கார்களில் அடுத்து உடைவது பெரும்பாலும் இவையே. வேகம் கூடுமளவுக்கு பிரேக்கின் ஆற்றலும் கூட வேண்டும். இவ்விரண்டையும் கவனிக்காமல் திறனை மட்டும் கூட்டிய கார் ஓட்டுநருக்கும் அருகில் இருப்போருக்கும் ஆபத்தானது.

அமெரிக்க டிராக் பந்தயங்களை நெறிப்படுத்தும் தேசிய ஹாட் ராட் கழகம், கார் எட்டும் நேரத்துக்கேற்பப் பாதுகாப்பு விதிகளை வகுத்துள்ளது. டீமன் வெளிவந்தபோது நடைமுறையில் இருந்த விதிப்படி, 10 வினாடிக்குக் குறைவாக ஓடும் கார்களில் உருக்குக் குழாய்களால் ஆன பாதுகாப்புக் கூண்டு இருக்க வேண்டும். ஓட்டுநர் போட்டி உரிமமும் பெற்றிருக்க வேண்டும். டீமன் கூண்டு இல்லாமலே விற்கப்பட்டதால், தன் முழு வேகத்தை அக்கழகத்தின் தடங்களில் காட்ட அதற்குத் தகுதி இருக்கவில்லை.

அந்நாட்டின் தூய காற்றுச் சட்டம், சாலையில் ஓடும் வாகனங்களின் மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புகளை நீக்குவதையும் செயலிழக்கச் செய்வதையும் தடைசெய்கிறது. புகைபோக்கியில் உள்ள வினையூக்கி மாற்றியை அகற்றுவது இதில் அடங்கும். கலிபோர்னியாவில் எஞ்சினின் மாசு வெளியீட்டைப் பாதிக்கக்கூடிய உதிரிபாகங்களுக்கு மாநிலக் காற்று வள வாரியத்தின் ஒப்புதல் தேவை.

மாற்றங்களின் வரிசை

மேற்கண்டவற்றிலிருந்து, மாற்றங்களைச் செய்யும் வரிசை அவற்றின் அளவைப் போலவே முக்கியமானது என்பது விளங்கும். முதலில் டயரும் சஸ்பென்ஷனும், அடுத்து குளிர்விப்பு, பிறகு எரிபொருள் அமைப்பும் கணினி நிரலும் கப்பியும், அவற்றுடன் அச்சுத்தண்டுகள், பிரேக், பாதுகாப்புக் கூண்டு என்பது பொருத்தமான வரிசையாகும். ஒவ்வொரு கட்டத்துக்குப் பின்னரும் கால் மைல் நேரத்தையும் இறுதி வேகத்தையும் குறித்துவந்தால், அடுத்துத் திருத்த வேண்டிய கண்ணி எது என்பது தெரிந்துவிடும். இறுதி வேகம் உயர்ந்தும் நேரம் குறையவில்லை எனில் குறை எஞ்சினில் இல்லை, டயரில் உள்ளது.