நம்பர் போட்டுக் கழற்றிய வீடுகள்

(அமைப்பியல் துறை, மூன்றாமாண்டு மாணவன்)



ஒரு வீட்டை எப்படிக் கட்டுவது என்று மூன்று வருடமாகப் படித்துக்கொண்டிருக்கிறோம். அஸ்திவாரம் தோண்டுவதிலிருந்து தளம் போடுவது வரை ரெக்கார்ட் நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாயிற்று. ஆனால், நிற்கிற வீட்டை எப்படிக் கழற்றுவது என்று நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. "இதுல என்னப்பா இருக்கு, கடப்பாரையும் ஜேசிபியும் போதுமே" என்பீர்கள். நானும் முட்டுக்காடு போகும் வரை அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் என் சொந்தக் கதை கொஞ்சம். மயிலாப்பூரில் சித்திரைக்குளத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் எங்கள் தாத்தாவின் வீடு இருக்கிறது. திண்ணை, நடை, முற்றம், கூடம், பின்கட்டு என்று ரயில் பெட்டி மாதிரி நீளமாகப் போகும் வீடு. பங்காளிகள் கூடிப் பேசி, பில்டர் ஒருவரிடம் கொடுத்து அடுக்குமாடி கட்டுவதென்று முடிவாகிவிட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. மழை பெய்தால் கூடத்தில் நாலு பாத்திரம் வைக்கிற வீட்டில் எத்தனை நாள்தான் இருப்பது? தாத்தா மட்டும் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திண்ணையில் போய் உட்கார்ந்துகொண்டார்.

அந்த வாரம்தான் நண்பர்கள் நாலு பேர் தட்சிணசித்ராவுக்குக் கிளம்பினோம். அடையாறில் மாமல்லபுரம் பஸ் ஏறி, திருவான்மியூர், நீலாங்கரை, உத்தண்டி தாண்டி முட்டுக்காட்டில் இறங்க வேண்டும். செவ்வாய்க்கிழமை விடுமுறை, போகிறவர்கள் கவனிக்கவும். மாணவர் என்றால் கட்டணம் குறைவு, அடையாள அட்டையை மறக்க வேண்டாம். (ஒருத்தன் மறந்துவிட்டு வந்தான். பஸ் முழுக்க எங்களிடம் திட்டு வாங்கினான்!)

உள்ளே நுழைந்ததும் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். மியூசியம் என்றால் எழும்பூர் மாதிரி கண்ணாடிப் பெட்டி, வெண்கலச் சிலை என்று மனசில் ஒரு படம் இருக்குமில்லையா? இங்கே பார்த்தால் ஒரு தெரு, அதில் வீடுகள். கதவு திறந்திருக்கிறது, தாராளமாக உள்ளே போகலாம், திண்ணையில் உட்காரலாம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளர் வீடு, தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயி வீடு, செட்டிநாட்டு வணிகர் வீடு, அக்ரகாரத்து வீடு, குயவர் வீடு. அப்படியே நடந்தால் கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று தென்னாட்டையே ஒரு சுற்று சுற்றி வந்துவிடலாம். சுமார் பத்து ஏக்கரில் பதினெட்டு வீடுகள்.

இவற்றில் பல வீடுகள் பார்த்து வரைந்து புதிதாகக் கட்டியவை அல்ல. அசல் ஊரில் இடிக்கப்பட இருந்தவற்றை விலைக்கு வாங்கி, பகுதி பகுதியாகப் பிரித்து, லாரியில் ஏற்றி வந்து இங்கே மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். 1984-ல் டெபோரா தியாகராஜன் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பின் வேலை இது. பொதுமக்களுக்குத் திறந்தது 1996 டிசம்பரில். வளாகத்தின் வடிவமைப்பைத் தந்தவர் லாரி பேக்கர். நாம் எலிப்பொறிக் கட்டு என்று படிக்கிறோமே, செங்கலைக் குத்துக்கல்லாக வைத்து நடுவில் காற்று இடைவெளி விடுவது, அதைக் கேரளம் முழுக்கப் பரப்பியவர் அவர்தான். அவரிடம் பயின்ற பென்னி குரியகோஸ் இங்கே கட்டிடக் கலைஞராக வேலை பார்த்தார்.

இந்த யோசனைக்கு முன்னோடி சுவீடனில் இருக்கிறது. தொழிற்சாலைகள் பெருகி, கிராமத்து வாழ்க்கை கண்ணெதிரே மாறுவதைப் பார்த்த ஆர்தர் ஹசீலியஸ் என்பவர், நாடெங்கும் உள்ள பழைய வீடுகளைப் பெயர்த்து வந்து 1891-ல் ஸ்டாக்ஹோமில் ஸ்கான்சென் என்ற திறந்தவெளி மியூசியத்தைத் திறந்தார். அமெரிக்காவில் வில்லியம்ஸ்பர்க் என்று ஓர் ஊரையே 18-ஆம் நூற்றாண்டுக் கோலத்துக்குத் திருப்பியிருக்கிறார்கள். அங்கே வேலை செய்கிறவர்கள் அந்தக் காலத்து உடை உடுத்துவார்கள். சிலர் அந்தக் காலத்து மனிதராகவே நம்மிடம் பேசுவார்கள். நம் நாட்டில் போபாலில் பழங்குடியினர் வீடுகளை அவர்களைக் கொண்டே கட்டவைத்த பெரிய மியூசியம் ஒன்று உண்டு.

முட்டுக்காட்டில் வேஷம் எதுவும் கிடையாது. குயவர் இன்றைய சட்டை போட்டுக்கொண்டு சக்கரம் சுற்றுகிறார். நாங்கள் நின்றபோது அவருடைய செல்போன் அடித்தது. கை முழுக்க மண், எடுக்க முடியவில்லை, சிரித்தார். எனக்கு இதுதான் பிடித்தது. ராஜா காலத்துக் குயவராக அவர் நடித்திருந்தால் அது நாடகம் ஆகியிருக்கும்.

சரி, நம் சப்ஜெக்டுக்கு வருவோம். ஒரு வீட்டை எப்படி இடம் மாற்றுவது? முதலில் போட்டோ. பிறகு அங்குலம் விடாமல் அளவெடுத்து பிளான், எலிவேஷன், செக்ஷன் மூன்றும் வரைய வேண்டும். பிறகு ஒவ்வொரு தூணுக்கும், உத்திரத்துக்கும், சட்டத்துக்கும் ஒரு நம்பர். அதே நம்பர் வரைபடத்திலும் இருக்க வேண்டும். கட்டும்போது கீழிருந்து மேலே போகிறோம். கழற்றும்போது ஓட்டில் ஆரம்பித்து மேலிருந்து கீழே வர வேண்டும். நம்பர் மாறினால் போச்சு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு தூண்களில் ஒன்றின் முளை அரை அங்குலம் கூட இருக்கும், அடுத்த குழியில் இறங்காது.

இதில் கேரளத்து மர வீடுகள் சமர்த்து. கோட்டயம் பக்கம் புதுப்பள்ளியிலிருந்து வந்த சிரியன் கிறிஸ்தவர் வீட்டைப் பாருங்கள். முளையும் குழியுமாகப் பொருத்துகிற அந்த ஊர் மரவேலையைத் தட்டிக் கழற்றலாம், திரும்ப மாட்டலாம். மரமும் கல்லும் பயணம் போகும். சுவர் போகாது. மண்ணும் சுண்ணாம்பும் கடப்பாரை பட்டதும் பொடியாகிவிடும், அதைப் புது இடத்தில் புதிதாகத்தான் எழுப்ப வேண்டும். கடலோர ஆந்திரத்து வட்ட வீடு ஒன்று இருக்கிறது, மண் சுவர், தரை வரை தாழ்ந்த கூரை. மூலையே இல்லாததால் புயல்காற்று மோதி நிற்காமல் சுற்றிக்கொண்டு போய்விடும். அந்த வீட்டை லாரியில் ஏற்ற முடியுமா? மாதிரி பார்த்துக் கட்டத்தான் முடியும். இதனால் எனக்கு ஒன்று தோன்றியது. தேக்கு போட்டவன் வீடு அசலாகவே மிஞ்சுகிறது, ஓலை போட்டவன் வீடு நகலாகத்தான் மிஞ்சுகிறது. மியூசியத்தின் தப்பு இல்லை இது.

திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை, கல்லூரியில் கடன் வாங்கிய முப்பது மீட்டர் டேப்போடு மயிலாப்பூர் போனேன்.

"என்னடா, பில்டர் ஆளா வந்திருக்கியா?" என்றார் தாத்தா.

"இல்ல தாத்தா, அளவெடுத்து வரைஞ்சு வச்சுக்கலாம்னு."

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு எழுந்து வந்து டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

கூடத்தின் மேலே மெட்ராஸ் டெரஸ். புத்தகத்தில் படித்துப் பரீட்சையிலும் எழுதியதுதான். என் தலைக்கு மேலேயே இருந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது! தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அவற்றின்மேல் ஓர் அங்குலக் கனமுள்ள சின்னச் செங்கற்களைக் குத்துவாட்டில், சாய்வாக, சுண்ணாம்புக் கலவையில் அடுக்குவார்கள். கீழே பலகை முட்டு கிடையாது. ஒன்றையொன்று பிடித்துக்கொண்டே செங்கல் நிற்கும். அது இறுகியதும் மேலே மூன்று அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டுவார்கள். அதற்கும் மேலே தட்டோடு. "கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணிய தெளிச்சுத் தெளிச்சுத் தட்டுவாங்க. பொம்பளைங்க வரிசையா குந்திக்கினு பாடிக்கினே தட்டுவாங்கடா" என்றார் தாத்தா. சின்ன வயசில் அடுத்த வீட்டு மாடியில் பார்த்தாராம். தட்டுகிறபோது சத்தம் மாறும், சத்தத்தை வைத்தே இறுகியதா இல்லையா என்று மேஸ்திரி சொல்லிவிடுவாராம். இது நம் புத்தகத்தில் இல்லை.

நம் வீட்டு டெரஸ் ஏன் ஒழுகுகிறது என்பதும் அன்றைக்குத் தெரிந்தது. விரிசல் விட்டபோது மேலே சிமெண்ட் பூசியிருக்கிறார்கள். சுண்ணாம்பு வெயிலுக்கு விரிந்து கொடுக்கும், அதன் மேல் உட்கார்ந்த சிமெண்ட் கொடுக்காது. அதுவே வெடித்துத் தண்ணீரை உள்ளே விட்டுவிட்டது. இறங்கிய தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டையின் நுனியை அரித்திருக்கிறது. பதினோரு கட்டைகளில் மூன்று நுனி கையால் தொட்டாலே உதிர்கிறது. மற்ற எட்டும் இரும்பு மாதிரி இருக்கின்றன.

இதையெல்லாம் சொன்னதால் வீடு தப்பிவிடவில்லை. தை மாதம் இடிக்கிறார்கள். பெரியப்பாவிடம் பேசி ஒன்று மட்டும் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஜேசிபி வருவதற்கு முன்னால் வாசக்காலையும் முற்றத்துத் தூண்கள் நாலையும் கையால் கழற்றி எடுக்க இரண்டு நாள் தருவார்கள். தூண்களைப் புதுக் கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் வைக்கலாமா என்று பில்டரின் இன்ஜினியரைக் கேட்டால், கார் நிறுத்த இடம் போய்விடும் என்கிறார். அது இன்னும் முடிவாகவில்லை. தாத்தா தூணுக்குத் தூண் சாக்பீஸால் நம்பர் போட்டுவிட்டார், நான் சொன்னபடி வடகிழக்கு மூலையிலிருந்து ஒன்று, இரண்டு என்று.

பிளானும் எலிவேஷனும் முடிந்துவிட்டன. செக்ஷனுக்குப் பின்கட்டு அளவு பாக்கி. அங்கே மாடிப்படி இடிந்து கிடப்பதால் ஓர் ஆள் ஏணி பிடிக்க வேண்டும், ஓர் ஆள் டேப் பிடிக்க வேண்டும், ஓர் ஆள் எழுத வேண்டும். வருகிற இரண்டு ஞாயிறும் காலை எட்டு மணிக்கு நான் அங்கே இருப்பேன். சிவில்தான் வர வேண்டும் என்றில்லை, மெக்கானிக்கல் நண்பர்களும் வரலாம். டிபன் எங்கள் ஆயா போடுவார்.