போரில் கால்களை இழந்தார்... முதல் தேர்தலில் தோற்றார்... செனட்டரானது எப்படி? டாமி டக்வொர்த் கதை!

நாட்டுக்காகப் போருக்குப் போய் இரண்டு கால்களையும் இழந்த ஒருவர் தேர்தலில் நின்றால், மக்கள் யோசிக்காமல் ஓட்டுப் போட்டுவிடுவார்கள் என்றுதான் நினைப்போம். 2006-ல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் அப்படி நடக்கவில்லை. ஈராக் போரிலிருந்து திரும்பிய ஹெலிகாப்டர் பைலட் டாமி டக்வொர்த், தன் முதல் தேர்தலில் தோற்றார். ஐயாயிரத்துக்கும் குறைவான ஓட்டு வித்தியாசம்.

இன்று அவர் அதே மாநிலத்தின் செனட்டர். தோல்விக்குப் பிறகு அவர் செய்த வேலைகள்தான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

உணவு உதவியில் ஓடிய நாள்கள்

1968-ல் தாய்லாந்தின் பாங்காக் நகரில் பிறந்தவர் டாமி. அப்பா அமெரிக்கர், முன்னாள் ராணுவ வீரர். அம்மா சீன வம்சாவளியைச் சேர்ந்த தாய்லாந்துப் பெண். அப்பாவின் வேலைக்காகத் தென்கிழக்கு ஆசிய நாடுகளில் மாறி மாறி வசித்த குடும்பம், டாமிக்கு 16 வயதானபோது ஹவாய் தீவுகளுக்கு வந்து சேர்ந்தது.

அப்பாவுக்கு வேலை போனதால், ஏழைக் குடும்பங்களுக்கு அரசு தரும் உணவு உதவியை நம்பி வாழும் நிலை வந்தது. அதற்கு நடுவிலும் பள்ளிப் படிப்பை முடித்து, ஹவாய் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியல் படித்தார் டாமி. மேற்படிப்பு படிக்கும்போது ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியில் சேர்ந்தார். போர்க்களத்தில் பெண்களுக்கு அனுமதி இருந்த பணிகள் அப்போது மிகக் குறைவு. அவற்றில் ஒன்று ஹெலிகாப்டர் ஓட்டுவது. அதையே தேர்ந்தெடுத்தார்.

2004 நவம்பர் 12

இல்லினாய்ஸ் தேசியக் காவல் படையில் இருந்தார் டாமி. இந்தப் படையில் இருப்பவர்கள் வழக்கமான வேலை, படிப்பு என்று இருந்துகொண்டே பயிற்சி எடுப்பார்கள். அழைப்பு வந்தால் போருக்குக் கிளம்ப வேண்டும். டாமிக்கு அழைப்பு வந்தபோது அவர் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

ஈராக்கில் அவர் இருந்த பிளாக் ஹாக் ஹெலிகாப்டர் மீது, 2004 நவம்பர் 12 அன்று ராக்கெட் குண்டு பாய்ந்தது. வலது கால் இடுப்புக்கு அருகிலேயே போனது. இடது கால் முழங்காலுக்குக் கீழே போனது. வலது கையும் சிதைந்தது. உடன் இருந்த பைலட் எப்படியோ ஹெலிகாப்டரைத் தரையிறக்கினார். டாமி இறந்துவிட்டார் என்றே முதலில் நினைத்தார்களாம். ஆனாலும் அவரை அங்கேயே விட்டுவிட்டுப் போக யாருக்கும் மனம் வரவில்லை, தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் நீண்ட சிகிச்சை. பல அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு செயற்கைக் கால்களில் நடக்கப் பழகினார். ஈராக் போரில் இரண்டு கால்களையும் இழந்த முதல் அமெரிக்கப் பெண் வீரர் அவர்தான்.

அனுதாபம் ஓட்டாகவில்லை!

இல்லினாய்ஸ் செனட்டர் டிக் டர்பின் அப்போது காயமடைந்த வீரர்களைச் சந்தித்துவந்தார். அவர் கொடுத்த ஊக்கத்தில் அரசியலுக்கு வந்தார் டாமி. 2006-ல் ஜனநாயகக் கட்சி சார்பில் பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டார். நம் ஊர் லோக் சபா மாதிரியான அவை அது. ஆனால் அங்கே 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை தேர்தல்.

அவர் நின்றது, குடியரசுக் கட்சி பல ஆண்டுகள் கையில் வைத்திருந்த தொகுதி. எதிர்த்து நின்ற பீட்டர் ராஸ்கம் மாநில அரசியலில் ஏற்கெனவே அனுபவம் உள்ளவர். டாமியின் தியாகத்தை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வரி, குடியேற்றம் என்று மற்ற விஷயங்களையும் பார்த்துத்தான் மக்கள் ஓட்டுப் போட்டார்கள்.

தோற்ற கையோடு, இல்லினாய்ஸ் மாநிலத்தின் முன்னாள் ராணுவத்தினர் நலத்துறைக்குத் தலைவராக நியமிக்கப்பட்டார். போரிலிருந்து திரும்பியவர்களுக்கு வேலை கொடுக்கும் நிறுவனங்களுக்கு வரிச் சலுகை, தலையில் அடிபட்ட வீரர்களுக்குப் பரிசோதனை, மன உளைச்சலில் இருப்பவர்களுக்குத் தொலைபேசி உதவி என்று வேலைகள் நடந்தன. 2009-ல் ஒபாமா அரசு, மத்தியில் இதே துறையில் உதவிச் செயலாளர் பொறுப்பைக் கொடுத்தது.

எல்லாம் பாராட்டாகவே அமையவில்லை. மாநிலத் துறையில் இருந்தபோது தங்களைப் பழிவாங்கினார் என்று ஊழியர்கள் இருவர் வழக்கு போட்டார்கள். 2016-ல் அது சமரசத்தில் முடிந்தது. தவறு நடந்ததாக ஒப்புக்கொள்ளப்படவில்லை. ஆனாலும் அந்த ஆண்டுத் தேர்தலில் அது பேசுபொருளானது. ராணுவ உடை போட்டிருந்தவர் என்பதற்காக எதிர்க்கட்சியினர் கேள்வி கேட்காமல் விடவில்லை.

போட்டியாளர்கள் தொட்ட இடம்

2012-ல் வேறொரு தொகுதியில் மீண்டும் நின்றார். எதிரே அப்போதைய எம்.பி ஜோ வால்ஷ். டாமி தன் ராணுவ சேவையைப் பற்றி அதிகம் பேசுகிறார், நிஜ ஹீரோக்கள் அப்படிப் பேசமாட்டார்கள் என்கிற பொருளில் வால்ஷ் பேச, அது நாடு முழுக்க செய்தியானது. இந்த முறை டாமி தெளிவாக ஜெயித்தார். தாய்லாந்தில் பிறந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் நபர் அவர்தான்.

2016-ல் செனட் தேர்தல். எதிரே நின்ற மார்க் கிர்க்கும் கடற்படை ரிசர்வில் பணியாற்றியவர். பக்கவாதத்திலிருந்து மீண்டு வந்தவர். மேடை விவாதத்தில் டாமி, அமெரிக்கச் சுதந்திரப் போர் காலத்திலிருந்தே தன் குடும்பம் ராணுவத்தில் இருக்கிறது என்றார். அதற்கு கிர்க், டாமியின் பெற்றோர் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சேவை செய்ய தாய்லாந்திலிருந்து வந்ததை மறந்துவிட்டேன் என்று கிண்டலடித்தார். கடும் கண்டனம் எழ, மறுநாள் மன்னிப்பு கேட்டார். அப்பா வழியில் டாமி சொன்னது உண்மைதான். தேர்தலில் டாமி பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

20 சதவிகிதக் கை

எம்.பி-யாக இருந்தபோது, 2013-ல் நடந்த ஒரு விசாரணை பலருக்கும் ஞாபகம் இருக்கும். ஊனமுற்ற முன்னாள் வீரர்களுக்கான சலுகையைக் காட்டி அரசு ஒப்பந்தங்களைப் பெற்ற ஒரு தொழிலதிபர் முன்னால் உட்கார்ந்திருந்தார். ராணுவப் பயிற்சிப் பள்ளியில் விளையாடும்போது பாதத்தில் பட்ட அடிக்கு, அவருக்கு 30 சதவிகித ஊனச் சான்று கிடைத்திருந்தது. குண்டில் சிதைந்த தன் வலது கைக்குக் கிடைத்தது 20 சதவிகிதம்தான் என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னார் டாமி. நிஜமாகக் காயம்பட்டவர்கள் உதவிக்குக் காத்திருக்கும்போது, இப்படிச் சலுகை வாங்குவது சரியா என்பதுதான் அவர் கேள்வி.

கைக்குழந்தையுடன் ஓட்டு

2018 ஏப்ரலில், 50 வயதில் இரண்டாவது மகளைப் பெற்றெடுத்தார் டாமி. பதவியில் இருக்கும்போது குழந்தை பெற்ற முதல் செனட்டர்! ஆனால் ஒரு சிக்கல். செனட்டில் நேரில் வந்துதான் ஓட்டுப் போட வேண்டும். அவைக்குள் குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையை உறுப்பினர்கள் கொண்டுவரலாம் என்று ஏப்ரல் 18 அன்று இரு கட்சிகளும் சேர்ந்து விதியை மாற்றின. மறுநாளே, பிறந்து 10 நாளான மகளுடன் வந்து ஓட்டுப் போட்டார்.

விமான நிலையங்களில் தாய்மார்கள் பால் கொடுக்கத் தனி இடம் வேண்டும் என்று அவர் முன்னெடுத்தது அதே ஆண்டில் சட்டமானது. தன் இரண்டு மகள்களும் செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்தவர்கள் என்று வெளிப்படையாகச் சொல்பவர், அந்தச் சிகிச்சைக்குச் சட்டப் பாதுகாப்பு கேட்டும் போராடுகிறார். 2024-ல் அதற்கான மசோதா செனட்டில் போதிய ஓட்டு கிடைக்காமல் நின்றுபோனது.

2022-ல் இல்லினாய்ஸ் மக்கள் மீண்டும் அவரை செனட்டுக்கு அனுப்பினார்கள். 2006-ல் மக்கள் முன்னால் இருந்தது அவருடைய காயமும் வீரமும் மட்டும்தான். பிறகு வந்த தேர்தல்களில், செய்து முடித்த வேலைகளின் பட்டியலும் அவர் கையில் இருந்தது. ராணுவத்திலிருந்து தேர்தலுக்கு வரும் யாருக்கும் இதில் பாடம் இருக்கிறது. சல்யூட் அடிக்கும் மக்கள், ஓட்டுப் போடும்போது, 'நமக்கு என்ன செய்வார்?' என்றுதான் பார்ப்பார்கள்!