நகராத சைக்கிளில் உலக சாம்பியன் ஆகலாம், தெரியுமா?

ஓர் அங்குலம்கூட முன்னால் நகராத சைக்கிளில் ஏறி, 50 கிலோமீட்டர் பந்தயத்தில் ஜெயித்து, உலக சாம்பியனுக்குரிய வானவில் ஜெர்சியை வாங்கியவர் ஒருவர் இருக்கிறார், தெரியுமா? அதைவிட வேடிக்கை, அப்போது அவர் தொழில்முறை சைக்கிள் வீரர்கூட இல்லை, துடுப்புப் படகு வீரர்! பெயர் ஜேசன் ஆஸ்போர்ன், ஜெர்மனிக்காரர். சர்வதேச சைக்கிள் சம்மேளனம் 2020 டிசம்பர் 9ஆம் தேதி முதன்முறையாக நடத்திய மெய்நிகர் சைக்கிள் உலக சாம்பியன்ஷிப்பில், போட்டியாளர்கள் எல்லோருக்கும் சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் ஒரே மாதிரி ட்ரெய்னர் கருவி அனுப்பப்பட்டது. அவரவர் வீட்டில், அவரவர் திரை முன்னால் உட்கார்ந்து மிதித்தார்கள். படகு வலித்து உரமேறிய கால்களோடு ஆஸ்போர்ன் எல்லோரையும் முந்தினார். அடுத்த ஆண்டே டோக்கியோ ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் வெள்ளியும் வென்றார். அதற்குப் பிறகுதான் தொழில்முறை சைக்கிள் அணியில் சேர்ந்தார்!

அன்று பெண்கள் பட்டத்தைத் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லீ மூல்மன்-பாசியோ தட்டிச் சென்றார். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே தூரம், ஒரே பரிசுத்தொகை. பல சாலைப் பந்தயங்கள் இன்றுவரை தயங்கும் விஷயத்தை இந்த விளையாட்டு பிறந்த அன்றே செய்துவிட்டது. இன்னொன்று கேளுங்கள். இத்தகைய மெய்நிகர் பந்தயங்களில் சில நொடிகள் எடை குறைய ஓர் இறகு கிடைக்கும், எதிராளியின் கண்ணுக்கே தெரியாமல் மறைய ஒரு பேய் கிடைக்கும்! மாயமாய் மறைய அனுமதி உள்ள விளையாட்டு வேறு எது?

இதெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பிறகு முளைத்தது என்றா நினைக்கிறீர்கள்? 1912இல் மூழ்கிய டைட்டானிக் கப்பலின் உடற்பயிற்சிக் கூடத்தில் நகராத சைக்கிள்கள் இரண்டு இருந்தன. எதிரே கடிகாரம் போல ஒரு பெரிய வட்டப் பலகை, அதில் சிவப்பு முள் ஒன்று, நீல முள் ஒன்று. இரண்டு பயணிகள் மிதிக்க மிதிக்க முட்கள் ஒன்றையொன்று துரத்தும். அட்லாண்டிக் நடுவே, அலைமேல், அறைக்குள் சைக்கிள் பந்தயம்! அதற்கும் முன்னால், 1796லேயே லண்டனில் பிரான்சிஸ் லௌண்ட்ஸ் என்பவர் கையாலும் காலாலும் சுழற்றும் உடற்பயிற்சி இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். சைக்கிளே பிறக்காத காலம் அது.

சரி, சுவரைப் பார்த்து நிற்கும் சைக்கிளுக்கு மலை ஏறுவது எப்படித் தெரிகிறது? பின்சக்கரத்தைக் கழற்றிவிட்டு சைக்கிளை ஸ்மார்ட் ட்ரெய்னரில் மாட்டினால், செயின் ஒரு கனமான ஃப்ளைவீலைச் சுழற்றும். அதன் பக்கத்தில் மின்காந்தம். உலோகம் காந்தப் புலத்தில் சுழன்றால் அதற்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி, சுழற்சியையே எதிர்க்கும். உரசல் கிடையாது, தேய்மானம் கிடையாது. நம் வீடுகளில் முன்பு இருந்த பழைய ஈபி மீட்டரில் மெதுவாகச் சுற்றுமே அலுமினியத் தட்டு, அதன் வேகத்தைக் கட்டுக்குள் வைத்ததும் இதே காந்த வித்தைதான்! திரையில் மேடு வந்தால் ட்ரெய்னர் காந்தத்தை இறுக்கும், தொடை எரியும். உங்கள் கால் தரும் சக்தி வாட் கணக்கில் செயலிக்குப் போகும். எடை, உயரம், காற்றின் தடை, ஏற்றத்தின் சாய்வு எல்லாவற்றையும் கணக்குப் போட்டு, திரையில் உங்கள் உருவம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று செயலி முடிவு செய்யும். முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டால் காற்றுத் தடை குறைவதைக்கூட அது விட்டுவைப்பதில்லை. வீசாத காற்றிலிருந்தும் ஒதுங்கிக்கொள்ளலாம்!

இந்தப் பந்தயங்களில் புகழ்பெற்ற செயலி 2014இல் அமெரிக்காவில் தொடங்கிய ஸ்விஃப்ட் (கார் அல்ல). அதில் வாட்டோப்பியா என்று ஒரு கற்பனைத் தீவு. எரிமலைக்குள் சாலை, கடலுக்கடியில் கண்ணாடிச் சுரங்கம், காட்டுக்குள் டைனோசர் என்று மனம் போன போக்கில் கட்டியிருக்கிறார்கள். ஆனால் வரைபடத்தில் அது உட்கார்ந்திருக்கும் இடம் நிஜம். தென் பசிபிக்கில் சாலமன் தீவுகளைச் சேர்ந்த தேயானு! வீட்டு ஹாலில் மிதித்து முடித்துவிட்டு, ஓட்டிய வழியைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியைத் திறந்தால், சாலமன் தீவுகளில் சைக்கிள் ஓட்டியதாகக் காட்டும்.

அதே தீவில் பிரான்ஸின் ஆல்ப் துய் மலைச்சாலையை 21 கொண்டை ஊசி வளைவுகளோடு அப்படியே நகலெடுத்து வைத்திருக்கிறார்கள். 12.2 கிலோமீட்டர் தூரம், 1,036 மீட்டர் உயரம். ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிட்டால் மார்தட்டிக்கொள்ளலாம். நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன், சிரிப்பு வந்துவிட்டது. 70 கிலோ மனிதர் 8 கிலோ சைக்கிளோடு அந்த மலையை முழுதாக ஏற, காற்று, உராய்வு எல்லாம் சேர்த்தாலும் கால்கள் தர வேண்டிய சக்தி சுமார் கால் யூனிட் மின்சாரம்தான்! ஒரு யூனிட் வேண்டுமானால் 100 வாட்டில் பத்து மணி நேரம் மிதிக்க வேண்டும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை மிதித்தே எடுப்பதென்றால் 1,000 மணி நேரம், அதாவது அறுபது நாளும் தினம் 16 மணி 40 நிமிடம். நம்பிக்கை வரவில்லையா? ஜெர்மனியின் டிராக் சைக்கிள் வீரர் ராபர்ட் ஃபோர்ஸ்டமன், தூண் போன்ற தொடைகளுக்குப் பேர்போனவர். அவரை 700 வாட் டோஸ்டரோடு இணைத்த சைக்கிளில் ஏற்றினார்கள். ஒரே ஒரு ரொட்டித் துண்டை வாட்டி முடித்ததும் மனிதர் தரையில் சாய்ந்துவிட்டார்!

இயற்கை இங்கே ஒரு கணக்கு வசதியும் செய்து வைத்திருக்கிறது. பெடலில் நீங்கள் தரும் வேலை எத்தனை கிலோஜூலோ, உடல் எரித்த கலோரியும் ஏறக்குறைய அதே எண்! நாம் கலோரி என்று சொல்லும் ஒரு கிலோ கலோரி என்பது 4.18 கிலோஜூல். ஆனால் உடல் எரிப்பதில் நான்கில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. பெருக்கலும் வகுத்தலும் ஒன்றையொன்று அடித்துக்கொள்ள, எண் அப்படியே நிற்கிறது. 200 வாட்டில் ஒரு மணி நேரம் என்றால் 720 கிலோஜூல், ஏறத்தாழ 720 கலோரி.

மீதி முக்கால் பங்கு எங்கே போகிறது? வெப்பமாக உங்கள் உடம்பிலேயே நிற்கிறது! வீட்டுக்குள் மிதிப்பவர்கள் தோற்பது இங்கேதான். 200 வாட் தருபவர் கூடவே 600 வாட்டுக்கு மேல் சூட்டையும் உற்பத்தி செய்கிறார். சாலையில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் எதிர்க்காற்றே விசிறிவிடும். அறையில் காற்று நிற்கிறது, வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது, அதே வாட்டுக்கு இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது. சென்னைப் புழுக்கத்தில் கேட்கவே வேண்டாம். சீலிங் ஃபேன் போதாது. நெஞ்சைப் பார்த்து வீசும் பெரிய ஸ்டாண்ட் ஃபேன் வேண்டும். ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டும் கட்டாயம். வியர்வை உப்பு போல்ட்டுகளை அரித்துத் தின்றுவிடும்.

வீட்டுப் பயிற்சி நிஜச் சாலையில் உதவுமா என்று முகம் சுளிப்பவர்களுக்கு ஆஸ்திரேலியாவின் மேத்யூ ஹேமனின் கதை போதும். 2016 பிப்ரவரி இறுதியில் பந்தயத்தில் விழுந்து கை முறிந்தது. சாலைக்குப் போக முடியாது. கட்டுப்போட்ட கையோடு கராஜில் ட்ரெய்னர் மேல் ஏறி, ஸ்விஃப்ட்டில் மிதித்துத் தள்ளினார். ஏப்ரல் 10ஆம் தேதி, கருங்கல் பாவிய கொடூரமான பாதைகளில் 250 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் பாரிஸ்-ரூபே பந்தயத்துக்குப் போனார். அதில் அவர் கலந்துகொள்வது பதினைந்தாவது முறை, வயது 37. நான்கு முறை அதே பந்தயத்தை வென்ற டாம் பூனனைக் கடைசி நொடிகளில் முந்தி வென்றார்! அவருடைய நாட்டுக்காரரான ஜே வைன் செயலி நடத்திய திறமைத் தேடலில் 2020இல் ஜெயித்து, தொழில்முறை அணியில் இடம்பிடித்தார். 2022 பிப்ரவரியில் மெய்நிகர் உலக சாம்பியன், அதே ஆண்டு ஆகஸ்டில் ஸ்பெயினின் வுயெல்டா பந்தயத்தில் இரண்டு மலைக் கட்டங்களில் வெற்றி!

போட்டி என்றால் பித்தலாட்டமும் உண்டு. ஏற்றத்தில் எடைக்கு எத்தனை வாட் என்பதே எல்லாம் என்பதால், செயலியில் எடையைக் குறைத்து எழுதுவது பழைய திருட்டு. 2019இல் பிரிட்டனின் தேசியப் பட்டத்தை வென்றவர் வேறு மாதிரி மாட்டினார். 50,000 மீட்டர் ஏறியவர்களுக்கு மட்டும் கிடைக்கும் மின்னும் மெய்நிகர் சைக்கிளை, தான் மிதிக்காமல் கம்ப்யூட்டர் நிரலை மிதிக்க விட்டு வாங்கியிருந்தார். பட்டம் போயிற்று, 250 பவுண்டு அபராதம், ஆறு மாதத் தடை. இல்லாத சைக்கிளுக்கு நிஜமான அபராதம்!

ஜிம்மில் தரையில் குதித்துக் குதித்துச் செய்கிறார்களே டபாட்டா பயிற்சி, அது பிறந்ததும் நகராத சைக்கிளில்தான், தெரியுமா? ஜப்பானியர் இசுமி டபாட்டா 1996இல் வெளியிட்ட ஆய்வில், 20 நொடி உயிரைக் கொடுத்து மிதி, 10 நொடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. ஆறு வாரத்தில் உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறனும் கூடியது, மூச்சுத் திணறும் வேகத்தில் தாக்குப்பிடிக்கும் திறன் 28 சதவீதமும் கூடியது. ஆனால் அந்த 20 நொடி என்பது செல்ஃபோன் பார்த்துக்கொண்டே மிதிக்கும் 20 நொடி அல்ல. எட்டாவது சுற்றில் காலே அசையாத அளவுக்கு உக்கிரம்.

விண்வெளியிலும் சைக்கிள் உண்டு! சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருப்பதற்கு சீட்டே கிடையாது. எடையில்லாத இடத்தில் உட்காருவது எங்கே? காலணியைப் பெடலில் பூட்டிக்கொண்டு மிதிக்க வேண்டியதுதான். அரை மணி நேரம் மிதித்து முடிப்பதற்குள் பூமியைச் சுற்றி 13,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருப்பார்கள். மிதித்ததால் அல்ல, சும்மா இருந்தாலும் போயிருப்பார்கள் என்பது வேறு விஷயம். வழிந்த வியர்வை? அறைக் காற்றின் ஈரத்திலிருந்து பிடித்துச் சுத்திகரித்து, குடிதண்ணீராகத் திரும்ப வந்துவிடும்!

இவ்வளவும் படித்துவிட்டு இன்றே ஆர்டர் போட ஓடாதீர்கள். நல்ல ஸ்மார்ட் ட்ரெய்னர் விலை நம் ஊரில் ஒரு ஸ்கூட்டர் விலையைத் தொடும். சைக்கிள் ஏற்கெனவே இருந்தால், பின்சக்கரத்தை உருளையில் அழுத்தி ஓட்டும் சாதாரண ட்ரெய்னரே தொடங்கப் போதும். அதோடு ஒரு வேக சென்சாரை மாட்டினால் தோராயமான வாட் கணக்கோடு செயலியிலும் நுழைந்துவிடலாம். மாடி வீடு என்றால் கீழே தடித்த ரப்பர் பாய் விரியுங்கள், கீழ்வீட்டுக்காரர் நிம்மதியாகத் தூங்குவார். நாற்பதைத் தாண்டியவர்களும் இதயக் கோளாறு, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் டாக்டரைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். முதல் மாதம் பந்தயம் வேண்டாம், பேச்சு திணறாத வேகத்தில் அரை மணி நேரம் போதும்.