ஒரே சரக்கு, கரைக்கொரு விலை

2022 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் உள்ள டாம்பா துறைமுகத்துக்கு ஒரு டன் அம்மோனியா 1,625 டாலர் என்று விலை பேசி முடித்தார்கள். அந்தத் துறைமுகம் அதுவரை கண்டிராத விலை அது. அடுத்த ஆண்டு ஜூலையில் அதே துறைமுகத்தில் அதே சரக்கு 300 டாலருக்கும் கீழே போனது. பதினைந்து மாதங்களுக்குள் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழாகச் சரிந்த இந்தச் சரக்கை நம்பித்தான் உலக மக்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சோறு விளைகிறது. யூரியா, டிஏபி, காம்ப்ளக்ஸ் என்று எந்தத் தழைச்சத்து மூட்டையைப் பிரித்தாலும் அதன் மூலம் அம்மோனியாதான்.

டாம்பா விலை எப்படி முடிவாகிறது என்பதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இங்கே பங்குச் சந்தையைப் போல நொடிக்கு நொடி ஏலம் நடப்பதில்லை. விற்பவர் நார்வேயின் யாரா நிறுவனம். வாங்குபவர் ஃபுளோரிடாவில் பாஸ்பேட் உரம் தயாரிக்கும் மொசைக் நிறுவனம். இருவரும் மாதக் கடைசியில் பேசி, அடுத்த மாதத்துக்கு ஒரே ஒரு எண்ணை முடிவு செய்கிறார்கள். அந்த எண்ணைப் பார்த்து உலகின் பல மூலைகளில் ஒப்பந்தங்கள் எழுதப்படுகின்றன. இவ்வளவு பெரிய தொழிலுக்கு இவ்வளவு குறுகலான வாசலா என்று தோன்றும். உலகில் ஆண்டுக்கு 18 கோடி டன்னுக்கு மேல் அம்மோனியா உற்பத்தியாகிறது. அதில் கப்பலேறுவது சுமார் பத்தில் ஒரு பங்குதான். மற்றதெல்லாம் தயாரான வளாகத்திலேயே யூரியாவாகவோ வேறு உரமாகவோ மாறிவிடும். சந்தைக்கு வரும் சரக்கே குறைவு என்பதால், ஓர் ஆலை நின்றாலும், ஒரு கப்பல் தாமதமானாலும் விலை ஆடுகிறது.

அம்மோனியாவை மூட்டை கட்டி அனுப்ப முடியாது. மைனஸ் 33 டிகிரி குளிரில் திரவமாக்கி, அதே குளிரில் வைத்திருக்கும் கப்பலில்தான் ஏற்ற வேண்டும். இறக்குமிடத்திலும் குளிர்த்தொட்டி வேண்டும். இந்தக் கப்பல்களில் பல, சமையல் எரிவாயுவையும் ஏற்றிச் செல்பவை. எரிவாயுவுக்குக் கூலி கூடினால் கப்பல்காரர்கள் அந்தப் பக்கம் போய்விடுவார்கள். அம்மோனியாவுக்குக் கப்பல் கிடைக்காது. அதனால் தங்கத்துக்கு இருப்பது போல அம்மோனியாவுக்கு உலக விலை என்று ஒன்று நிலைப்பதில்லை. வணிகர்கள் பேச்சிலேயே ‘சூயஸுக்கு மேற்கு’, ‘சூயஸுக்குக் கிழக்கு’ என்று இரண்டு உலகங்கள் உண்டு. மேற்கு விலைக்கும் கிழக்கு விலைக்கும் உள்ள வித்தியாசம் கப்பல் கூலியைத் தாண்டினால் வளைகுடாக் கப்பல்கள் மேற்கே திரும்பும். செங்கடலில் ஏமனின் ஹவுதிகள் கப்பல்களைத் தாக்கத் தொடங்கிய பிறகு, பல கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றிப் போக வேண்டியதாயிற்று. கூலி கூடியது, இரண்டு உலகங்களுக்கும் நடுவே சுவரும் உயர்ந்தது.

விலையின் ஆணிவேர் எரிவாயு. ஒரு டன் அம்மோனியா தயாரிக்கச் சுமார் 35 எம்எம்பிடியூ (பத்து லட்சம் பிரிட்டிஷ் வெப்ப அலகு) இயற்கை எரிவாயு வேண்டும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் உலக வரைபடமே விளங்கிவிடும். அமெரிக்காவில் 2024இல் எரிவாயுவின் சராசரி விலை ஒரு எம்எம்பிடியூவுக்கு 2.5 டாலருக்கும் கீழே இருந்தது. அப்படியென்றால் லூசியானாவின் டொனால்ட்சன்வில் ஆலையில் ஒரு டன்னுக்கு எரிவாயுச் செலவு 100 டாலரைக்கூடத் தொடாது. சீனா பெரும்பாலும் நிலக்கரியிலிருந்து தயாரிக்கிறது. அங்கே கணக்கு வேறு. ஐரோப்பாவின் கதைதான் வேதனையானது. 2022 ஆகஸ்ட் கடைசியில் அங்கே எரிவாயு, மெகாவாட் மணிக்கு 300 யூரோவைத் தாண்டியது. அந்த விலையில் வாயு வாங்கி ஒரு டன் அம்மோனியா தயாரித்தால் வாயுவுக்கு மட்டுமே 3,000 யூரோ ஆகும். டாம்பாவில் சரக்கே அதில் பாதிக்கும் குறைந்த விலைக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. யார் ஆலையை ஓட்டுவார்கள்? ஐரோப்பிய உற்பத்தித் திறனில் 70 விழுக்காட்டுக்கு மேல் முடங்கிவிட்டதாக அந்தத் தொழிலின் கூட்டமைப்பே அறிவித்தது.

முடங்கிய ஆலைகள் எல்லாம் திரும்ப எழுந்துவிடவில்லை. இங்கிலாந்தின் பில்லிங்ஹாமில் அம்மோனியா உற்பத்தியை நிரந்தரமாக மூடிவிட்டு, இறக்குமதி அம்மோனியாவை வைத்து உரம் தயாரிக்கிறார்கள். ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த இரண்டு அம்மோனியா ஆலைகளில் ஒன்றை மூடுவதாக பிஏஎஸ்எஃப் நிறுவனம் 2023 பிப்ரவரியில் அறிவித்தது. அதை ஒட்டிய ஓப்பாவில்தான் 1913இல் உலகின் முதல் அம்மோனியா ஆலை ஓடத் தொடங்கியது. காற்றிலிருந்து உரம் எடுக்கும் வித்தை பிறந்த மண்ணே இன்று இறக்குமதியை எதிர்பார்த்து நிற்கிறது.

ஐரோப்பா தயாரிக்காவிட்டால் மற்றவர்களுக்கு என்ன என்று இருந்துவிட முடியாது. சந்தையில் விலையை நிர்ணயிப்பது மலிவாகத் தயாரிப்பவர் இல்லை. தேவையை நிரப்பக் கடைசியாக ஓட வேண்டியிருக்கும் ஆலையின் செலவே விலையாகிறது. அந்த ஆலை பெரும்பாலும் ஐரோப்பாவில் இருக்கிறது. அதனால்தான் 2024இல், 100 டாலருக்குள் எரிவாயுச் செலவுள்ள நாட்டிலும் சரக்கு 400, 500 டாலருக்கு விலைபோனது. இடைப்பட்ட தொகை, மலிவான வாயுவின் மேல் உட்கார்ந்திருப்பவரின் லாபம். அந்தத் தொகையைக் கடைசியில் கொடுப்பது, வாயுவும் இல்லாமல் உரமும் தேவைப்படும் நாடுகள்.

இன்னொரு விலை, வரைபடத்திலிருந்தே அழிந்துபோனது. ரஷ்யாவின் தொல்யாத்தியிலிருந்து உக்ரைனின் ஒடேசா அருகே யூஷ்னி துறைமுகம் வரை சுமார் 2,400 கிலோமீட்டருக்கு அம்மோனியாக் குழாய் ஒன்று சோவியத் காலத்தில் போடப்பட்டது. ஆண்டுக்கு 25 லட்சம் டன் அதில் வரும். ‘யூஷ்னி விலை என்ன?’ என்று கேட்டுவிட்டுத்தான் பல நாட்டுக் கொள்முதல்காரர்கள் பேரத்தைத் தொடங்குவார்கள். 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியதும் குழாய் மூடப்பட்டது. உக்ரைன் தானியத்தைக் கப்பலேற்ற நடந்த ஒப்பந்தப் பேச்சில் இதைத் திறக்கும்படி ரஷ்யா வற்புறுத்தியது. 2023 ஜூனில் கார்கிவ் பகுதியில் குழாய் சேதமடைந்தது. இரு தரப்பும் ஒருவரையொருவர் குற்றம்சாட்டின. திறக்கும் பேச்சு அத்தோடு போயிற்று. மேற்கில் கரீபியன் தீவான டிரினிடாடின் நிலைமையும் தேய்ந்துவருகிறது. பாயின்ட் லிசாஸ் வளாகம் ஒரு காலத்தில் உலக ஏற்றுமதியின் முன்வரிசையில் இருந்தது. கடலடி வாயு குறையக் குறைய அங்கே உற்பத்தி தடுமாறியது. 2025 அக்டோபரில் நியூட்ரியன் நிறுவனம் துறைமுகப் பயன்பாட்டுச் சிக்கலையும் வாயுத் தட்டுப்பாட்டையும் காரணம் காட்டித் தன் ஆலைகளை நிறுத்திவிட்டது.

இந்தியா சூயஸுக்குக் கிழக்கே இருக்கும் பெரிய கொள்முதல்காரர். யூரியா ஆலைகள் தமக்கு வேண்டிய அம்மோனியாவைத் தாமே தயாரித்துக்கொள்கின்றன. டிஏபி, காம்ப்ளக்ஸ் ஆலைகளுக்குத்தான் கப்பல் அம்மோனியா வேண்டும். ஆண்டுக்கு 20 லட்சம் டன்னுக்கு மேல், பெரும்பாலும் வளைகுடாவிலிருந்து, பாரதீப், காக்கிநாடா, விசாகப்பட்டினம், எண்ணூர், தூத்துக்குடி என்று வந்து இறங்குகிறது.

ஒரு மூட்டையை வைத்துக் கணக்குப் போடுவோம். 50 கிலோ டிஏபி மூட்டையில் சுமார் 11 கிலோ அம்மோனியா போகிறது. டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அம்மோனியா டன் 400 டாலராக இருக்கும்போது அந்த 11 கிலோவின் மதிப்பு சுமார் 375 ரூபாய். 1,000 டாலர் ஆனால் 935 ரூபாய். இவ்வளவு ஏறி இறங்கினாலும் மூட்டை விலையை 1,350 ரூபாயில் அரசு நிறுத்தி வைத்திருக்கிறது. யூரியாவில் இடைவெளி இன்னும் பெரிது. 45 கிலோ மூட்டையில் சுமார் 26 கிலோ அம்மோனியா போகிறது. டன் 400 டாலர் கணக்கிலேயே அதன் மதிப்பு 880 ரூபாய்க்கு மேல். விவசாயி கொடுப்பது 266 ரூபாய் 50 காசு. மீதியை மானியம் சுமக்கிறது. 2022-23இல் உர மானியம் சுமார் இரண்டரை லட்சம் கோடி ரூபாய்க்குப் போனது.

இந்த மானியத்தை நான் குறை சொல்லமாட்டேன். அது இல்லாவிட்டால் அந்த ஆண்டு சம்பாவுக்கு அடியுரம் போட்டிருக்கவே முடியாது. ஆனால் விலையை மறைப்பதால் நெருக்கடி மறைந்துவிடாது. வேறு வாசல் வழியாக வருகிறது. மூட்டை விலை அசையாமல் இருக்க வெளிநாட்டு விலை ஏறினால் இறக்குமதியாளர் நட்டத்துக்குப் பயந்து கொள்முதலைத் தள்ளிப்போடுகிறார். நடவு முடிந்த நேரத்தில் சொசைட்டிக்குப் போனால் ‘டிஏபி வரல, காம்ப்ளக்ஸ் எடுத்துக்கங்க’ என்ற பதில் வருகிறது. தனியார் கடையில் டிஏபி கேட்டால், நுண்ணூட்டமோ வேறு ஏதோ ஒன்றோ சேர்த்து வாங்கினால்தான் என்கிறார்கள். விலை ஏறியதை விவசாயி ரசீதில் பார்ப்பதில்லை. காத்திருப்பிலும் வேண்டாத பொருளிலும் செலுத்துகிறார்.

விலைக் கணக்கில் சேராத இன்னொரு செலவும் உண்டு. எண்ணூரில் கப்பலிலிருந்து உர ஆலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டிக் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னகுப்பம் மக்கள் மூச்சுத் திணறலோடும் கண்ணெரிச்சலோடும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். டன்னுக்கு எத்தனை டாலர் என்று எழுதும்போதெல்லாம் இந்த மீனவர் குப்பங்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்று நினைக்கிறேன்.

தமிழ்நாட்டின் உர ஆலைகளே எரிவாயு அரசியலின் பாடம். தூத்துக்குடி ஸ்பிக், மணலி எம்எஃப்எல் இரண்டும் பல்லாண்டுகள் நாப்தாவில் ஓடின. அது விலை கூடிய மூலப்பொருள். எண்ணூரில் எல்என்ஜி (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் 2019இல் வந்த பிறகு மணலி வாயுவுக்கு மாறியது. ராமநாதபுரம் - தூத்துக்குடி குழாய் 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது; ஸ்பிக்கும் மாறியது. செலவு குறைந்தது உண்மை. ஆனால் எல்என்ஜியும் கப்பலில் வருவதுதான். ஐரோப்பா குளிரில் வாயுவுக்கு அலைந்தால் இங்கேயும் சுடும்.

இந்த எரிவாயுப் பிணைப்பிலிருந்து விலகிய முதல் விலை இந்தியாவில் 2025 ஜூலையில் கிடைத்தது. சூரிய, காற்று மின்சாரத்தைக் கொண்டு நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரித்துத் தயாரிக்கும் பசுமை அம்மோனியாவை, பாரதீப்பில் உள்ள ஆலைக்கு ஆண்டுக்கு 75,000 டன் வழங்க, கிலோ 55 ரூபாய் 75 காசுக்கு ஏலம் முடிந்தது. அன்றைய டாலர் மதிப்பில் டன் 640 டாலர் அளவில் வருகிறது. அன்றைய இறக்குமதி விலையைவிடக் கூடுதல்தான். அடுத்து நடந்த ஏலங்களில் 50 ரூபாய்க்கும் கீழே இறங்கினார்கள். பத்தாண்டுக்கு மாறாத விலை என்பதுதான் இதில் பெரிய விஷயம். 1,625 டாலரையும் பார்த்த சந்தையில் இதைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. சிக்கல் வரப்போவது விலை ஏறும்போது இல்லை, இறங்கும்போது. வளைகுடா அம்மோனியா மறுபடி 300 டாலருக்கு வந்தால், 640 டாலர் ஒப்பந்தத்தை உர ஆலை சுமையாகத்தான் பார்க்கும். அந்த ஆண்டிலும் வித்தியாசத் தொகை தவறாமல் வந்து சேரும் என்று அரசு எழுத்தில் உறுதி கொடுத்தால்தான், இன்று ஏலம் எடுத்தவர்கள் ஆலையைக் கட்டி முடிப்பார்கள்.