பச்சை முத்திரை

வெளிநாட்டுக்கு அனுப்பும் கடித உறைக்குள் உங்கள் மகன் இரண்டு ஒரு டொலர் நோட்டுகளை மடித்து வைப்பதைக் கண்டால், சகோதரியே, என்ன நினைப்பீர்கள்? "யாருக்கு மகன் இந்தக் காசு?" என்று கேட்பீர்கள். "ரேடியோவில் பேசினவர் அட்டை அனுப்பத்தான் உம்மா" என்பான். பேசியதற்குமா காசு என்று மனம் கேட்கும்.

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ ஒரு மொட்டை மாடியில் உடுப்புக்கொடி போல நீளக் கம்பி கட்டியிருந்தால் அது ஹாம் ரேடியோ அன்டெனாவாக இருக்கலாம். அரசின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்கள் பொழுதுபோக்காக உலகத்தோடு பேசுகிறார்கள். நம் நாட்டவரின் அழைப்புக்குறி 4எஸ்7 என்று தொடங்கும். சிலோன் காலத்தில் வீ.எஸ்.7. வெறும் விளையாட்டு என்று தள்ளிவிடாதீர்கள். 2004 டிசம்பர் சுனாமியில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, இலங்கை வானொலிச் சங்கத்தின் விக்டர் குணதிலக்கவும் தோழர்களும் அம்பாந்தோட்டையைக் கொழும்போடு இணைத்தது இந்த வானலையால்தான்.

பேசிய இருவரும், இன்ன நாள், இன்ன நேரம், இன்ன அலைவரிசையில் பேசினோம் என்று தபால் அட்டை மாற்றிக்கொள்வது பழைய வழக்கம். அதுவே கியூ.எஸ்.எல். அட்டை. 100 நாடுகளோடு பேசியவருக்கு டி.எக்ஸ்.சி.சி. என்றொரு விருது உண்டு. அதற்கு வாய்ச்சொல் செல்லாது, அத்தாட்சி வேண்டும். காசு நுழைவது இங்கேதான். பதில் தபாற் செலவுக்காக டொலர் வைப்பார்கள். ஹாம்காரர் பாஷையில் அதற்குப் 'பச்சை முத்திரை' என்று பெயர். முன்பு சர்வதேசப் பதில் கூப்பன் வாங்கி வைப்பார்கள். 2013இல் அமெரிக்கத் தபால் கந்தோர்களே அதை விற்பதை நிறுத்திவிட்டன.

எழுத்தனுக்குக் கூலி கொடுப்பது வேறு. சாட்சிக்கு விலை பேசுவது வேறு. முத்திரைக்கும் அச்சுக்கும் ஆகும் செலவைக் கேட்பவரில் குற்றமில்லை. பூவே தீவு போன்ற ஆளில்லாத பனித்தீவுக்கு லட்சக்கணக்கான டொலர் செலவழித்துக் கப்பலேறுபவர்கள் நன்கொடை கேட்பதும் நியாயமே, விரும்பியவர் கொடுக்கட்டும். ஆனால் செலவுக்கு மேல் கேட்டு, தராதவருக்கு அட்டையே இல்லை என்பவரை எனக்குப் பிடிக்கவில்லை. பேசியது பேசியதுதானே!

வீட்டுக் கணக்கையும் பாருங்கள். பத்து உறைக்கு 20 டொலர். 2022 ஆரம்பத்தில் அது சுமார் 4,000 ரூபா. சில மாதங்களில் 7,000ஐத் தாண்டியது. நமது முத்திரைச் செலவு வேறு.

ஆகவே மகனிடம் பீரோ வழியைக் கேளுங்கள். ஒரு நாட்டுச் சங்கம் அட்டைகளைச் சேர்த்து, கட்டாக மற்ற நாட்டுச் சங்கத்துக்கு அனுப்பும். செலவு சொற்பம், பதில் வர ஓரிரு வருடமும் ஆகலாம், பொறுமை வேண்டும். எல்லா நாட்டிலும் பீரோ இல்லை என்பதையும் அவன் அறிந்திருக்க வேண்டும். 2003 முதல் கணினி வழியில் 'லொக்புக் ஒஃப் த வேர்ல்ட்' இருக்கிறது. அதில் பதிவேற்றக் காசில்லை. விருதுக்குக் கணக்கில் சேர்க்கும்போதுதான் கட்டணம். டொலர் உறையை, வேறு வழியே இல்லாத அபூர்வ நாட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளட்டும்.

அப்போதும் உறையின் மேல் அழைப்புக்குறியை எழுத விடாதீர்கள். உள்ளே டொலர் இருக்கிறது என்று வழியில் உள்ளவர்களுக்கு அது சொல்லிக் கொடுத்துவிடும். நோட்டை வெளிச்சத்தில் தெரியாத தடித்த தாளில் சுற்றி வைக்கட்டும்.