ரூத் எங்கள் வீட்டுக்கு வந்த நாலு வாரம்

ஞாயிறு ராத்திரி ஏழரை மணிக்கு ‘ஜெபத்துக்கு வாங்க’ என்று என் கணவர் கூப்பிட்டதும், எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வேலை முளைக்கும். மகனுக்கு ஹோம்வொர்க், மகளுக்குத் தூக்கம், எனக்கு அடுப்பில் பால். ஒருவழியாகப் பாயில் உட்கார்ந்தால் நீளமாக ஓர் அதிகாரம், அதைவிட நீளமாகப் புத்திமதி!

போன வருஷம் மாமனார் இறந்ததும் அதுவும் நின்றுபோனது. தினமும் வேதம் வாசித்தே பழகிய அத்தை, வேதாகமத்தைத் திறப்பதையே விட்டுவிட்டார். “ஆச்சிக்கு ஆண்டவர் மேல கோவமாம்மா?” என்று மகள் கேட்டபோது எனக்குப் பதில் தெரியவில்லை.

மறுபடி ஆரம்பிப்போம் என்று முடிவு செய்தோம். ஆனால், வேறு மாதிரி. வாரத்துக்கு ஓர் அதிகாரம்தான். ஆளுக்கு ஒரு கேள்வி கேட்கலாம். யாரும் பிரசங்கம் செய்யக்கூடாது. அதற்கு ரூத்தின் சரித்திரத்தை எடுத்தோம். மொத்தமே 4 அதிகாரங்கள், 85 வசனங்கள்.

கசப்பைச் சொன்ன நகோமி

முதல் வாரம். பஞ்சம் பிழைக்கப் பெத்லகேமை விட்டு மோவாப் தேசத்துக்குப் போன நகோமி, அங்கே கணவரையும் இரண்டு மகன்களையும் பறிகொடுக்கிறாள். மருமகள் ரூத்தோடு ஊர் திரும்பியவள், இனிமை என்று பொருள்படும் தன் பெயரைச் சொல்லி இனி அழைக்க வேண்டாம், கசப்பு என்றே கூப்பிடுங்கள் என்கிறாள்.

“ஆண்டவரைப் பத்தி இப்படிச் சொன்னதுக்கு அவளைத் தண்டிச்சாரா?” என்றான் மகன். பதில் சொல்ல வாயெடுத்த கணவரைக் கண்ணாலேயே நிறுத்தினேன். “நீயே தேடிப் பாரு” என்றோம். அதிகாரம் முழுக்கத் தேடினான். ஒரு கண்டிப்புக்கூட இல்லை.

உள் அறையிலிருந்து அத்தையின் குரல் வந்தது. “அவளை யாரும் அழாதேன்னு சொல்லல. என்னைத்தான் எல்லாரும் சொன்னாங்க. விசுவாசி அழலாமான்னு கேட்டாங்க.” சொல்லிவிட்டு அழுதார். மாமனாரை அடக்கம் செய்த நாளில்கூட அப்படி அழவில்லை. அன்றைக்கு நாங்கள் ஜெபத்தை முடிக்கவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தோம்.

வயலின் ஓரம்

இரண்டாம் வாரம் அத்தையே பாயில் வந்து உட்கார்ந்தார். ரூத் கதிர் பொறுக்கப் போன பகுதி. “அடுத்தவங்க வயல்ல எடுத்தா திருட்டு இல்லையா?” என்றாள் மகள். லேவியராகமம் 19-ஆம் அதிகாரத்தை அத்தை எடுத்துக் காட்டினார். வயலின் ஓரத்தை முழுக்க அறுக்காமல், சிந்தியதைப் பொறுக்காமல், ஏழைக்கும் பரதேசிக்கும் விடவேண்டும் என்பது சட்டம். நம் வீட்டு ‘வயல் ஓரம்’ எது என்று பேசினோம். உண்டியலில் பாதியைக் கொடுக்கலாம் என்றாள் மகள்.

மூன்றாம் அதிகாரம் போவாஸின் களத்தில் இரவில் நடப்பது. பிள்ளைகளுக்கு விளக்கத் தயங்கினோம். உறவுக்காரர் ஏற்க வேண்டிய பொறுப்பைப் பற்றியது என்று எளிமையாகச் சொல்லிக் கடந்தோம். எல்லாவற்றையும் ஒரே நாளில் விளக்கிவிட வேண்டியதில்லை.

நான்காம் வாரம், குழந்தை ஓபேத் நகோமியின் மடிக்கு வருகிறான். தாவீது ராஜாவின் தாத்தா அவன். இந்தக் கதையில் கடல் பிளக்கவில்லை, வானத்திலிருந்து குரல் கேட்கவில்லை. மாமியாரைத் தனியே விட மறுத்த ஒரு மருமகள்தான் இருக்கிறாள். அதை வாசிக்கும்போது என்னால் அத்தையை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இத்தனை மாதம் அவருக்குச் சாப்பாடு கொடுத்தேனே தவிர, பக்கத்தில் உட்காரவில்லை.

இன்னொரு விஷயம். 1715-ல் தரங்கம்பாடியில் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்ட சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்திருந்தபோது 1719-ல் இறந்துபோனார். மிச்சத்தை அவருக்குப் பின் வந்தவர்கள் முடித்தார்கள். குடும்ப ஜெபமும் அப்படித்தான். ஒருவரே முடிக்க வேண்டிய வேலை இல்லை அது.

அத்தையின் துக்கம் தீர்ந்துவிட்டதா? இல்லை. சில ஞாயிறுகளில் இன்றும் அறையிலேயே இருந்துவிடுகிறார். கதவை மட்டும் திறந்து வைத்திருப்பார். நாங்கள் சத்தமாக வாசிப்போம்.

அடுத்து யோனா. அதுவும் நாலே அதிகாரம். “கோவிச்சுக்கிட்டுப் போனவன் கதைதானே? வாசிங்க, நானும் வாரேன்” என்கிறார் அத்தை.